டர்போவா, சூப்பர்சார்ஜரா? முதலில் எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு வாகனப் பக்கத்தில், பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றை வாங்கியிருக்கும் இளைஞரின் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் படித்தேன். 2004ஆம் ஆண்டு வண்டி, ஆறு கியர் மேனுவல். பட்டறையில் டர்போ மாட்டச் சொல்கிறார்கள், நண்பர்கள் சூப்பர்சார்ஜர் என்கிறார்கள், எதைக் கேட்பது என்று எழுதியிருந்தார். இரண்டும் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுபவைதான்; டர்போவைச் சுற்றுவது வெளியேறும் புகை, சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது இன்ஜினின் பெல்ட். ரோட்டரி இன்ஜினுக்கு டர்போதான் பொருத்தம், ஆர்எக்ஸ்-7 காரே அதற்குச் சாட்சி என்று இரண்டு வரியில் பதில் முடிந்துவிட்டது. அதை நம்பி அந்தத் தம்பி எங்காவது முன்பணம் கட்டிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) வேலை பழகினேன். ஜப்பானிலிருந்து ரீகோனாக, அதாவது ஓடிய வண்டியைச் சீர்செய்து இறக்குமதி செய்ததாக, வந்த ஆர்எக்ஸ்-7 வண்டிகளை அவர்தான் எனக்குத் திறந்து காட்டினார். இன்றைக்கும் என் மேசையில் கிடப்பது பெரும்பாலும் ரோட்டரி இன்ஜின்கள்தான். ஆர்எக்ஸ்-7 டர்போவுக்கு ஏற்ற வண்டி என்பதில் எனக்கு இம்மியளவும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சாட்சியைக் கொண்டுவந்து ஆர்எக்ஸ்-8 வழக்கில் நிறுத்த முடியாது. இரண்டும் ரோட்டரி, இரண்டும் 1308 சிசி, இரண்டுக்கும் 13பி என்றுதான் பெயர் தொடங்குகிறது. வித்தியாசம் எக்ஸாஸ்ட் போர்ட், அதாவது புகை வெளியேறும் ஓட்டை, இருக்கும் இடத்தில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

ரோட்டரி இன்ஜினில் வால்வு கிடையாது. முக்கோண ரோட்டர் சுற்றும்போது அதன் விளிம்பே சுவரில் உள்ள ஓட்டைகளைத் திறந்து மூடுகிறது. ஆர்எக்ஸ்-7 வண்டியில் புகை வெளியேறும் ஓட்டை, ரோட்டரைச் சுற்றியிருக்கும் வளைந்த சுவரில் இருக்கிறது. ரோட்டரின் முனையில் இருக்கும் எபெக்ஸ் சீல் அந்த ஓட்டையைத் தாண்டிய நொடியே அது திறந்துகொள்ளும். எரிந்த வாயு வேகம் குறையாமல், சூடு குறையாமல் நேராக வெளியே பாய்கிறது. முழு மூச்சில் ஓடும்போது 900 பாகையைத் தாண்டும் சூடு. ரோட்டரி இன்ஜின் அத்தனை சத்தம் போடுவதும் எக்ஸாஸ்ட் பைப்பில் தீ கக்குவதும் இதனால்தான். வெளியே வீணாகப் போகும் அந்த ஆற்றலுக்கு எதிரே டர்போவின் இறகுச் சக்கரமான டர்பைனை வைத்தால் அது சுற்றாமல் என்ன செய்யும்? அதோடு ரோட்டர் ஒன்றுக்கு ஒரு போர்ட் தனியாக இருக்கிறது. முன் ரோட்டரின் துடிப்பும் பின் ரோட்டரின் துடிப்பும் ஒன்றோடு ஒன்று மோதாமல் டர்பைன் வரை தனித்தனி வழியில் கொண்டுபோகலாம். எஃப்சி என்ற இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வண்டியில் டர்போவின் வாயை இரண்டாகப் பிரித்து வைத்தது அதற்காகத்தான்.

மஸ்டா இதை நன்றாகத் தெரிந்துகொண்டு செய்தது. 1982இல் 12ஏ என்ற ரோட்டரி இன்ஜினுக்கு டர்போ வைத்து விற்கத் தொடங்கியது. 1985இல் எஃப்சி வந்தது. 1990இல் மூன்று ரோட்டர் கொண்ட கோஸ்மோவுக்கு இரண்டு டர்போக்களை ஒன்றன் பின் ஒன்றாக இயங்கும்படி வைத்தார்கள். அடுத்த ஆண்டு எஃப்டி என்ற மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7. அதில் முதல் டர்போ அடி வேகத்திலேயே காற்றைத் தள்ளத் தொடங்கும். நிமிடத்துக்கு 4,500 சுற்றை நெருங்கும்போது இரண்டாவது வந்து கை கோர்க்கும். 255 குதிரைத்திறனில் தொடங்கிய அந்த இன்ஜின் கடைசி ஆண்டுகளில் 280 வரை போனது. சூப்பர்சார்ஜர் செய்யத் தெரியாமல் டர்போவிலேயே நின்றுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1993இல் யூனோஸ் 800 என்ற செடான் காரின் வி6 இன்ஜினில் லிஷோம் (இரட்டைத் திருகு) வகை சூப்பர்சார்ஜரை வைத்து விற்ற நிறுவனம் அது. கையில் இரண்டும் இருந்தும் ரோட்டரிக்கு டர்போவையே வைத்தார்கள். இதுவரை ஞாயிறு பதில் சொன்னது சரி.

2003இல் ஆர்எக்ஸ்-8 வந்தது. ரெனெசிஸ் என்று பெயரிட்ட அதன் இன்ஜின் அந்த ஆண்டின் உலகச் சிறந்த இன்ஜின் விருதை வாங்கியது. டர்போ இல்லாமலே ஜப்பானிய டைப் எஸ் வண்டியில் 250 குதிரைத்திறன், 9,000 சுற்று வரை போகும் ரெவ். அதைச் சாதிக்க மஸ்டா செய்த பெரிய மாற்றம், எக்ஸாஸ்ட் போர்ட்டை வளைந்த சுவரிலிருந்து எடுத்து, ரோட்டரைப் பக்கவாட்டில் மூடியிருக்கும் பக்கத் தட்டுகளுக்கு மாற்றியது. இதனால் புகை வழி தாமதமாகத் திறக்கிறது, எரிந்த வாயு இன்னும் கொஞ்ச நேரம் ரோட்டரைத் தள்ளிவிட்டுப் போகிறது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதும் நின்றுபோனது. எரிபொருளும் மிச்சம், புகையும் சுத்தம். டர்போ இல்லாத ஒரு ரோட்டரிக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

டர்போவுக்கு இந்த ஏற்பாடு எதிரி. வாயு இப்போது நேராகப் பாய்வதில்லை. பக்கவாட்டில் திரும்பி, வார்ப்பிரும்புத் தட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்துதான் வெளியே வருகிறது. திரும்பும் இடத்தில் வேகம் போகிறது. தட்டுக்குள் போகும்போது சூட்டை இரும்புக்குக் கொடுத்துவிடுகிறது. இரும்பு வாங்கிய சூடு நேரே ரேடியேட்டர் தண்ணீருக்குப் போகிறது. இதைவிட மோசம் இரண்டு ரோட்டர்களுக்கும் இடையில் இருக்கும் நடுத்தட்டு. ஆர்எக்ஸ்-8 இன்ஜினிலிருந்து மூன்று எக்ஸாஸ்ட் வழிகள் வெளிவரும். முன்னதும் பின்னதும் ஆளுக்கு ஒரு ரோட்டருக்கு. நடுவில் இருப்பது இரண்டு ரோட்டர்களுக்கும் பொது, இரண்டு வீட்டுக்கு ஒரே வாசல் வைத்ததைப் போல. முன் ரோட்டர் கக்கி முடிக்கும்போது பின் ரோட்டர் கக்குகிறது. அந்த வழிக்கு ஆறுவதற்கு நேரமே இல்லை. துடிப்புகளைத் தனித்தனியாக டர்பைனுக்குக் கொண்டுபோகும் வேலையும் அங்கேயே கெட்டுவிடுகிறது. இப்படி ஓர் இன்ஜினின் வாயில் டர்பைனை வைத்து அடைத்தால், வெளியேற முடியாத சூடு நடுத்தட்டிலேயே தங்கும்.

இதைக் கண்ணால் பார்த்தேன். சிரம்பானிலிருந்து டர்போ மாட்டிய ஆர்எக்ஸ்-8 ஒன்று என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் மாட்டியது. சூடான பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்பதுதான் புகார். பிரித்து மேசையில் வைத்தபோது எபெக்ஸ் சீல்கள் ஆறும் உடையாமல் இருந்தன. ஆனால் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய சைட் சீல்களை நகத்தால் அழுத்தினால் அசையவில்லை. ஸ்பிரிங் மேல் மிதந்து, அழுத்தினால் உள்ளே போய், விட்டால் வெளியே வர வேண்டிய சீல் அது. கார்பன் இறுகிப் பள்ளத்தோடு ஒட்டிவிட்டது. நடுத்தட்டில் போர்ட்டைச் சுற்றி இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. அதை ஒட்டிய தண்ணீர் சீல், ரப்பர் என்று சொல்ல முடியாதபடி பிளாஸ்டிக் குச்சி போல ஒடிந்தது. இந்தக் கார்பன் தொல்லை வரும் என்று மஸ்டாவுக்கே முன்னரே தெரியும். அதனால்தான் ரெனெசிஸின் சைட் சீல்களை ஆப்பு வடிவில் செய்தார்கள், கார்பன் பிடிக்க இடம் கொடுக்காமல் இருக்கட்டும் என்று. டர்போ இல்லாத வண்டிக்கே அந்த ஏற்பாடு தேவைப்பட்டது. 1982 முதல் 2002 வரை ரோட்டரிக்கு டர்போ வைத்து விற்ற அதே நிறுவனம், 2012 வரை ஆர்எக்ஸ்-8 விற்றும் ஒரு டர்போ மாடலைக்கூட விற்பனைக்குக் கொண்டுவரவில்லை என்பதை அந்தத் தம்பி யோசித்துப் பார்க்க வேண்டும்.

டர்போவின் பக்கம் பேசுகிறவர்கள் ஒரு நல்ல வாதம் வைப்பார்கள். உள்வழியும் வெளிவழியும் ஒரே சமயத்தில் திறக்காததால், தள்ளுகிற காற்று எக்ஸாஸ்ட் வழியே ஓடிப் போகாமல் முழுதாக உள்ளே தங்கும், ஆகவே ரெனெசிஸ் பூஸ்ட்டுக்கு, அதாவது காற்றை அழுத்தித் திணிப்பதற்கு, ஏற்றது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நன்மை சூப்பர்சார்ஜருக்கும் அப்படியே கிடைக்கிறது, எக்ஸாஸ்ட் பக்கம் எதையும் அடைக்காமல்.

என் முடிவு இதுதான். சாலையில் ஓட்டும் ஆர்எக்ஸ்-8 வண்டிக்கு ஏதாவது ஒன்று வைத்தே தீர வேண்டுமென்றால் சூப்பர்சார்ஜர் வையுங்கள். அதிலும் ரூட்ஸ் அல்லது இரட்டைத் திருகு வகை.

ஆர்எக்ஸ்-8 வண்டியின் குறை எங்கே இருக்கிறது என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேலே 7,000, 8,000 சுற்றில் அதற்குக் குறையே இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் 2,500 சுற்றில் ஊர்ந்துவிட்டு முன்னால் இடம் கிடைத்ததும் மிதித்தால், ஒன்றும் நடக்காது. அதன் முறுக்கு விசையே 216 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 5,500 சுற்றில்தான் முழுசாக வரும். கீழே கேட்கும் இன்ஜினுக்குக் கீழேதான் கொடுக்க வேண்டும். ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றுவதால், மிதித்த உடனே காற்று வந்துவிடும். டர்போவைப் போல புகை சேர்ந்து வேகம் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் இடத்தில் இருக்கும், எக்ஸாஸ்ட் வழியில் கை வைக்க வேண்டியதே இல்லை.

சூப்பர்சார்ஜர் என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடவும் கூடாது. டர்போவின் காற்றுப் பக்கத்தை மட்டும் பெல்ட்டில் மாட்டியது போன்ற சென்ட்ரிஃபியூகல் வகையும் விற்கிறது. மாட்டுவது சுலபம், விலையும் சில சமயம் குறைவு. அதில் பூஸ்ட், ரெவ் ஏற ஏறத்தான் ஏறும். ஏற்கனவே நிறைந்திருக்கும் மேல்பகுதியில் கொண்டுபோய் இன்னும் கொட்டும், பசியோடு இருக்கும் கீழ்ப்பகுதிக்கு ஒன்றும் கிடைக்காது. செப்பாங் பந்தயத் தடத்தின் நீண்ட நேர்வழிகளில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது பிடிக்கலாம். கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகிறவருக்கு எதற்கு?

சூப்பர்சார்ஜருக்கும் விலை உண்டு, மறைக்கக் கூடாது. அதைச் சுற்றும் சக்தியை இன்ஜினே கொடுக்கிறது. 9,000 சுற்றுக்குப் போகும் இன்ஜினில் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் பூஸ்ட் விழும், பெல்ட் பொசுங்கும். கப்பியின் அளவும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் சரியாக இல்லாத கிட்டை வாங்கவே கூடாது. அழுத்திய காற்று சூடாகும், அதனால் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பூஸ்ட் எவ்வளவு என்பதில் ஆசைக்கு இடமே கொடுக்கக் கூடாது. எஃப்டி இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது உள்ளே வந்த காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது, 9. அது டர்போவுக்கென்றே குறைத்துச் செய்தது. ரெனெசிஸில் 10. அதற்கு மேல் காற்றைத் திணித்தால் பெட்ரோல் தானாக வெடிக்கும் எல்லை சீக்கிரம் வந்துவிடும். 0.4 பார் அழுத்தம் போதும். இன்டர்கூலர் நன்றாக வேலை செய்து, 97 பெட்ரோல் மட்டுமே ஊற்றி, டியூன் செய்கிறவர் ரோட்டரி தெரிந்தவராக இருந்தால் 0.5. அதற்கு மேல் நான் மாட்டித் தர மாட்டேன். 0.4 பார் என்பது கணக்குக்கு 40 விழுக்காடு கூடுதல் காற்று என்றாலும் பெல்ட்டுக்கும் சூட்டுக்கும் போனது போக, கையில் கிடைப்பது அதைவிடக் குறைவுதான். அந்த அளவே வண்டியை வேறு வண்டி ஆக்கிவிடும்.

பிஸ்டன் இன்ஜினில் நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) வந்தால் காதில் கேட்கும், காலை எடுக்க நேரம் இருக்கும். ரோட்டரியில் பல சமயம் ஒரே தட்டில் முடிந்துவிடும். எபெக்ஸ் சீல் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டை. அழுத்தத்தையும் தேய்மானத்தையும் தாங்கும், அடியைத் தாங்காது. எஃப்டி ஒன்றில் அது உடைந்து நான் பார்த்திருக்கிறேன். ஒடிந்த துண்டு வளைந்த சுவரின் குரோம் பூச்சை நகம் சிக்குகிற ஆழத்துக்குக் கீறிக்கொண்டே போய், எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக வெளியேறி, டர்பைன் இறகுகளின் நுனிகளையும் தின்றுவிட்டிருந்தது. ஒரு சீல் போனதற்கு ஒரு ஹவுசிங், ஒரு ரோட்டர், ஒரு டர்போ.

நம் நாட்டு வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோட்டரியில் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை, ரோட்டரின் வயிற்றுக்குள் பாய்ந்து அதைக் குளிர்விப்பதும் எண்ணெய்தான். முன்பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஆயில் கூலர்களின் இறகுகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும் வண்டியைத்தான் முக்கால்வாசிப் பேர் பூஸ்ட் கேட்டுக் கொண்டுவருகிறார்கள். கெந்திங் மலை ஏறும்போது முள் எங்கே போகிறது என்று அவர்கள் பார்ப்பதே இல்லை, பார்த்தாலும் மஸ்டா வைத்த தண்ணீர் முள் உண்மையைச் சொல்லாது. நடுவில் நின்றபடியே நெடுநேரம் இருந்துவிட்டு, நிலைமை கைமீறிய பிறகுதான் நகரும். தனியாகத் தண்ணீர்ச் சூடும் எண்ணெய்ச் சூடும் காட்டும் மீட்டர்கள் மாட்டுங்கள். இதற்குச் செலவாகும் சில நூறு ரிங்கிட்தான் முழு வேலையிலும் மிக நன்றாகச் செலவான பணம்.

எஃப்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த இரட்டை டர்போவை ஆட்டுவிக்கும் வெற்றிடக் குழாய்கள் இன்ஜின் மேல் கொடிபோலப் படர்ந்திருக்கும். வயதானால் வெடித்துப் போகும், எதில் ஓட்டை என்று தேடி மாளாது. அந்தச் சலிப்பில் டர்போவையே கழற்றிவிட்டு சூப்பர்சார்ஜர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்த இன்ஜின் வெளியே கொட்டும் ஆற்றலை வீணாக்கிவிட்டு, அதன் ஷாஃப்டிலிருந்தே சக்தியைப் பிடுங்குவதில் அர்த்தமில்லை. குழாய்களை மொத்தமாக சிலிக்கானுக்கு மாற்றுங்கள், அல்லது நல்ல ஒற்றை டர்போவுக்குப் போங்கள்.

எதை மாட்டினாலும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைச் சொல்லாத பட்டறையை நம்ப வேண்டாம்.

கடைசியாக அந்தத் தம்பிக்கு நேராகவே சொல்கிறேன். டர்போவோ சூப்பர்சார்ஜரோ, அதற்கு முன்னால் உன் இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று பார். ஆர்எக்ஸ்-8 இன்ஜின்களுக்கு வட அமெரிக்காவில் மஸ்டாவே உத்தரவாதத்தை எட்டு ஆண்டு, ஒரு லட்சம் மைல் என்று நீட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. உன்னுடையது இருபது வயது தாண்டிய வண்டி. ரோட்டரிக்கென்று இருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டரில் சோதிக்கச் சொல். சாதாரண பிஸ்டன் கேஜ் ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டும், ரோட்டரின் மூன்று முகங்களில் எது செத்தது என்று சொல்லாது. சூடான இன்ஜினில், 250 சுற்றுக்குக் கணக்கிட்டு, இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்கள் உன் கையில் வர வேண்டும். புது இன்ஜினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ. 6.9க்குக் கீழே ஒன்று போனாலும் இன்ஜின் பிரிக்க வேண்டியதுதான். ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. என் கணக்கில் எட்டுக்குக் கீழே உள்ள இன்ஜினில் பூஸ்ட் பேச்சே எடுக்கக் கூடாது. இக்னிஷன் காயில் நான்கையும் மாற்று. பலவீனமான காயில் எரிக்காமல் விட்ட பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும், அடைபட்ட கன்வெர்ட்டர் இன்ஜினைக் கொல்லும். இதையெல்லாம் செய்து முடித்து, 9,000 வரை சுத்தமாகப் பாடும் வண்டியைச் சில மாதம் ஓட்டிப் பார். பிறகும் கீழே வலு போதவில்லை என்று தோன்றினால், அப்போது சூப்பர்சார்ஜருக்கு விலை கேள்.

உனக்கு டர்போ மாட்டச் சொன்ன பட்டறையில் அந்த ஆறு எண்களை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கேள். தர மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. டெஸ்டர் என்னிடம் இருக்கிறது. கிள்ளான் பக்கம் வந்தால் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன், ஆசிரியர் அவர்களிடம் என் முகவரி உள்ளது.

இப்படிக்கு,
பட்டறைக்காரர், கிள்ளான்